மழை நாள் மாவு

மிர்தாவின் மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில், முட்டைகளுக்கு நடுவே இருந்தது. கண்டெடுத்தவர் அவள் கணவர் அனிபால். வேறெங்கும் தேடாமல் நேராகப் போய் எடுத்துவந்து, சட்டை நுனியில் துடைத்து, மனைவியின் மூக்கில் அவரே மாட்டியும் விட்டார்.

"போன வாரம் செருப்புக்குள்ள. இன்னிக்கு முட்டைக்கு நடுவுல. நான் என்னதான் பண்றது நர்சம்மா?"

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் சுல்மா மனசுக்குள் அவரை மெச்சிக்கொண்டாள். சால்தோ ஊரில் எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு கணவன் வாய்ப்பான்?

சமையலறை முழுக்க அவர் கையெழுத்தில் சீட்டுகள் ஒட்டியிருந்தன. உப்பு. சர்க்கரை. மாவு. மிர்தா, அடுப்பை அணை. மிர்தா, யோசித்துப் பேசு.

வெளியே விடிந்ததிலிருந்து மழை. மழை பிடித்துக்கொண்டால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாவு பிசைந்து தோர்தா ஃப்ரீத்தா என்ற அப்பம் பொரிப்பார்கள். மிர்தாவும் ஒரு தட்டு நிறையப் பொரித்து வைத்திருந்தாள். அனிபால் நான்காவதில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தார்.

சுல்மாவின் முன்னால் ஒரு படிவம் கிடந்தது. நினைவு தவறிவிட்டது, தனியே விடக்கூடாது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், டாக்டர் முத்திரை குத்துவார்; திங்கட்கிழமை மிர்தா முதியோர் இல்லத்துக்குப் போவாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவள் அம்மா அவள் பெயரில் எழுதிவைத்த இந்த வீட்டை அனிபால் பார்த்துக்கொள்வார். இல்லத்தில் கட்டில்கூடச் சொல்லிவைத்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று சுல்மா கேட்டாள்.

"புதன்."

"அவசரப்படாதே கண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றார் அனிபால்.

மிர்தா கணவர் முகத்தைப் பார்த்தாள். "செவ்வாயோ?"

"பார்த்தீங்களா?"

அன்று புதன்தான். சுல்மா 'செவ்வாய்' என்று குறித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷம் தபாலாபீசுல இருந்தவ. ஊர்ல ஒரு தெருப் பேர் விடாம ஒப்பிப்பா." அனிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக்கூட வந்திருந்தேனே, முதல் வரிசை. கையை ஓங்காமலே பொண்டாட்டி மனசைச் சித்திரவதை பண்றவங்களைப் பத்திப் பேசினீங்களே. எனக்கு அழுகையே வந்துருச்சு. என்ன ஜென்மங்களோ!"

சுல்மாவுக்கு நினைவிருந்தது. அன்றைக்குக் கைதட்டலை ஆரம்பித்துவைத்ததே இவர்தான். மனவதையின் பதினோரு அறிகுறிகளை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பாடத்துக்கு அவளை விட்டால் ஊரில் ஆளில்லை.

அனிபால் மாத்தே என்ற தேயிலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் குழலில் உறிஞ்சி முடித்து, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொன்னவருக்கு மறுபடி ஊற்றுவது அங்கே வழக்கமில்லை. அந்தச் சொல்லுக்கு 'எனக்குப் போதும்' என்றுதான் அர்த்தம். அடுத்ததை ஊற்றி அனிபால் மனைவியிடம் கொடுத்தார்.

"இவளுக்கு அது மட்டும் வராது நர்சம்மா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒரு நாள் நன்றின்னு சொல்லிக் குடுவையைத் திருப்பித் தந்ததில்ல. போதும்னு சொல்லவே தெரியாது. நானாப் பார்த்து நிறுத்தினாத்தான் உண்டு."

மிர்தா உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சுல்மா பேனா மூடியைக் கழற்றினாள்.

"இருங்க, இருங்க. கையெழுத்துக்கு முன்னாடி இதையும் பார்த்துருங்க." அனிபால் மனைவி பக்கம் திரும்பினார். "மிர்தா, உன் வாசல் சாவி எங்க?"

"நேத்து ராத்திரி கொக்கியிலதான் மாட்டினேன்."

கொக்கி காலியாக இருந்தது.

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு." இந்தத் தடவை மிர்தா யோசிக்கவில்லை.

"பிடிவாதம் வேற, பாவம். பரவால்ல தங்கம், நான் எதுக்கு இருக்கேன்?"

பெருமூச்சோடு எழுந்தவர் நேராக மாவு டப்பாவிடம் போனார். மூடியைத் திறந்து கையை விட்டார். இந்தப் பக்கம் துழாவினார், அந்தப் பக்கம் துழாவினார். அடி வரைக்கும் போனார். பிறகு இரண்டு கையையும் விட்டார். மாவு பறந்தது.

"இங்கதானே வெச்சேன்!"

நான்கு தோர்தாவைத் தின்றவருக்கு அந்த மாவு எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றியிருக்கவில்லை.

சுல்மா பேனாவை மூடினாள். அவளே எழுதிய 'செவ்வாய்' படிவத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினோரு அறிகுறிகளும் வரிசையாக ஞாபகம் வந்தன, கொஞ்சம் தாமதமாக.

மிர்தா எழுந்தாள். ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்தாள். அதன் பல்லிடுக்கெல்லாம் மாவு. போய் வாசற்கதவைத் திறந்து, அகல விரித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குடுவையில் மிச்சமிருந்ததை அடிவரை உறிஞ்சி, கணவரிடம் நீட்டினாள்.

முழங்கை வரை வெளுத்திருந்த அனிபால், பழக்க தோஷத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்தார்.

"நன்றி, அனிபால்."