சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

மருத்துவரின் மேசை ஓரத்தில், கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய தண்ணீர் பாட்டில் நிற்கிறது. இருமல் விடாமல் பிடித்துக்கொண்டதிலிருந்து தையல்காரர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது அது. தட்டு வேறு, படுக்கை வேறு. மகளைக்கூட மடியில் ஏற்றுவதில்லை. இப்போதும் மனைவிக்கு ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். விளக்குப் பலகையில் அவருடைய நெஞ்சுப் படம் வெளிறித் தொங்குகிறது.

"காசநோய் இல்லைங்க," என்கிறார் மருத்துவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே. "எல்லார் உடம்புலயும் சும்மா குடியிருக்கிற கிருமி ஒண்ணு. உங்க உடம்பு அதைப் பகையா நினைச்சு, நுரையீரல்ல சுத்திச் சுத்தி முடிச்சு போடுது போல. இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல. ஆனா இது ஒட்டாது."

"அப்ப யார்கிட்டேருந்து வந்துச்சு?" என்கிறார் தையல்காரர்.

"யார்கிட்டேருந்தும் இல்ல. அந்தக் கிருமி எனக்கும் இருக்கு, இவங்களுக்கும் இருக்கு."

மின்விசிறி கடகடக்கிறது. தையல்காரருக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. மனைவி எழுந்து அந்தப் பாட்டிலை எடுக்கிறாள்.

"ஏய், அது என்னோடது!" அவர் கை பதறி நீள்கிறது.

"என்ன உங்களோடது? தாகமா இருக்கு."

வாய் வைத்தே குடிக்கிறாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, நடுவிலிருந்த நாற்காலியில் வந்து உட்கார்கிறாள்.