ராணியம்மாள் குக்கர்

"குக்கர் எங்கேங்க அண்ணா?"

மேனகா மறுபடியும் கேட்டாள். நவநீதன் மறுபடியும் மீசையைத்தான் தடவினார்.

இண்டூரில் தனியாகவே இருந்து போய்ச்சேர்ந்த நாத்தனார் ராணியம்மாள், வீட்டைத் தம்பிக்கும், தட்டுமுட்டுச் சாமானைத் தம்பி பெண்டாட்டி மேனகாவுக்கும் உயிலில் எழுதியிருந்தாள். பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எதிர்வீட்டு மாவு மில்காரர் நவநீதனுக்கு. அதற்கு எக்ஸிகியூட்டர் என்று பெயராம்.

பெயர் வந்ததும் மனுஷனுக்கு மிடுக்கும் வந்துவிட்டது. வீட்டுச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். கருமாதிக்கு வந்த மேனகாவின் மகள் தேன்மொழி, உள்ளே மறந்துவிட்ட போன் சார்ஜரை எடுக்கக்கூட அவரைக் கெஞ்சித்தான் சாவி வாங்கினாள்.

அப்பேர்ப்பட்ட காவலில், மேனகா ஆசைப்பட்ட ஒரே பொருளைக் காணோம். நாத்தனார் உயிரோடு இருந்தவரை தொடக்கூட விடாத அந்தப் பழைய குக்கர். அதில் வேகவைத்தால் கிழட்டு ஆடும் பஞ்சாகிவிடும்.

நல்லவேளை, தேன்மொழி துணைக்கு வந்திருந்தாள். சேலத்தில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கிச் சட்டம் படிக்கிறாள். அங்கே சமைக்கிற சோறு என்னவோ வேகவே மாட்டேன் என்கிறதாம். பிள்ளை பாதியாக இளைத்துவிட்டாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"உயில்படி பிரிக்கிற வரைக்கும் ஒரு கரண்டியக்கூட யாரும் தொடக்கூடாதுன்னு கருமாதி அன்னிக்கே சொன்னேன். சாவி உங்க கையிலதான இருந்துச்சு? அப்ப பொறுப்பும் நீங்கதாங்க மாமா."

காவல்காரன் வேறு, சொந்தக்காரன் வேறு என்று ஆரம்பித்து, கோர்ட்டு வரைக்கும் அவரை இழுத்துப் போய்விட்டு வந்தாள். மேனகாவுக்குப் பாதி புரியவில்லை. பெருமை மட்டும் முழுசாக இருந்தது. அந்தத் தெம்பில் அவளும் ஒன்று போட்டாள்.

"எங்க கேவுரு மாவுகூட இப்படித்தான் உங்க மில்லுல கொறையுதுங்களா?"

மில் வாசலில் தூக்கோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நவநீதன் முகம் சுண்டிப் போயிற்று. ஊரே நம்பி மாவு அரைக்கிற மில்.

வண்டியை எடுத்துத் தருமபுரிக்குப் போனார். பெட்டி பிரிக்காத புதுக் குக்கரோடு திரும்பி வந்தார்.

"வெச்சுக்கம்மா மேனகா. தப்பு என்னோடதுதான்."

"பாத்தியாம்மா? சட்டம் பேசினாத்தான் இவங்கல்லாம் வழிக்கு வராங்க," என்றாள் தேன்மொழி.

குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு மேனகா பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னால் மகளைக் காணோமே என்று திரும்பி வந்தால், மில் சுவரோரம் தேன்மொழி தலைகுனிந்து நின்றிருந்தாள்.

நவநீதன் சின்னதாக எதையோ அவள் கையில் வைத்து மூடி, யார் காதிலும் விழாதபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்ஜர் எடுக்க வந்தப்ப, அவசரத்துல குக்கர் வெயிட்ட மட்டும் வுட்டுட்டுப் போயிட்ட கண்ணு. இது இல்லாம சோறு எப்படி வேகும்?"