நீலக் கோலப்பொடி

ஆற்றுப் பாதுகாப்புக் குழுவில் ஊர்ப் பெண்களின் சார்பாக என்னைச் சேர்த்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் அதிகாரி என் கையில் கோலப்பொடியைக் கொடுத்து, "உங்க ஆத்தை நீங்களே வரைஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத் தரையில் குனிந்து, வளைவு வளைவாக ஆற்றை இழுத்தேன். கோடையில் மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும் ஐந்து இடங்கள் உண்டு. குடம் சுமக்கிற எங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. அங்கெல்லாம் நீலப்பொடியைக் குவித்தபோது பக்கத்து வீட்டுச் செல்லக்கனி என் முந்தானையை இழுத்தாள். "அதை எதுக்குடி காட்டுறே?" அவள் கையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி நான் வரைந்ததைப் படம் எடுத்துக்கொண்டார்.

பங்குனியில் தண்ணீர்க் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். யாரிடமும் விசாரிக்காமல் அந்த ஐந்து இடங்களிலும் குழாய் இறக்கி, சுற்றிலும் வேலி போட்டார்கள். வெறும் குடங்களோடு வேலிக்கு வெளியே நின்றோம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லக்கனி மட்டும் சொன்னாள்: "நல்லாத்தான்டி வரைஞ்சிருக்கே. ஒரு அடிகூடப் பிசகலை."

அவள் எதற்குச் சொல்கிறாள் என்று தெரிந்தும், என் மனசு ஒரு கணம் குளிர்ந்தது.