ஆபீசர் வரட்டும்

நாலே முக்கால் ஆகியும் சான்றிதழ் பிரிவு அதிகாரியின் நாற்காலி காலியாகவே இருந்தது.

அதற்கு எதிரே கிடந்த பெஞ்சில் காலையிலிருந்து முப்பது பேராவது வந்து உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள். இப்போது மிச்சம் இரண்டே பேர். ஒருவர் குழாய் வேலைக்காரர். அவருக்குப் பக்கத்தில், பழுப்பு உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்.

குழாய்க்காரர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது.

அவர் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்றிதழை இன்று ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கல்லூரி எதிர்த் தெருவில்தான். மகள் அதன் வாசலில் நின்றபடி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்துகொண்டிருந்தாள்.

சான்றிதழ் தயாராகத்தான் இருந்தது. எழுத்தர் அதை எடுத்துக் காட்டவும் செய்தார். முத்திரை இருந்தது. எண் இருந்தது. மகளின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

கையெழுத்து மட்டும் இல்லை.

பழைய அதிகாரி ஓய்வு பெற்று ஐந்து மாதம். பக்கத்துப் பிரிவு அதிகாரி போட்டால் செல்லாதாம். மேலதிகாரி போட்டால் விதிமீறலாம். எழுத்தர் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார். ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. மதியம் தன் டீயில் பாதியைக் குழாய்க்காரருக்கு ஊற்றிக் கொடுத்தவர்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மறுபடி போன் அடித்தது.

குழாய்க்காரர் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஒரு கையெழுத்தும்மா. அரை நிமிஷ வேலை. அதைப் போட வேண்டிய புண்ணியவான் எங்க காலை நீட்டிப் படுத்திருக்காரோ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி ஐந்தானது. எழுத்தர் சான்றிதழைக் கட்டோடு சேர்த்து நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

எழுந்து போகும்போது, நீங்கள் எத்தனை நாளாக அலைகிறீர்கள் என்று குழாய்க்காரர் அவளைக் கேட்டார். மூன்று மாதம் என்றாள். அவளுக்காக உச்சுக் கொட்டிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவள் எழுந்து போய் உறையை மேஜைமேல் வைத்தாள். எழுத்தர் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது அவருக்கு மனப்பாடம்: அவளைச் சான்றிதழ் பிரிவு அதிகாரியாக நியமிக்கும் உத்தரவு, கூடவே, அவள் பணியில் சேர்வதற்கான படிவம். படிவத்தின் அடியில் சான்றிதழ் பிரிவு அதிகாரியின் கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

மற்றவர்களிடம் உட்கார்ந்தபடியே பேசும் எழுத்தர், அவளுக்கு மட்டும் எழுந்து நின்றார்.

"ஆபீசர் வரட்டும் மேடம்," என்றார்.