மணல் மூட்டை பார்த்த வைத்தியம்

இதயக் குழாய்ச் சோதனைக்காக நோயாளியின் தொடையில் குத்திய இடத்தில் தமனி கசிந்து, நெல்லிக்காயளவு ரத்த வீக்கம் துடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் காலையிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்த மணல் மூட்டைக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் மட்டும் எழுந்தா ஆள் காலி!" என்று கட்டிலிடம் பீற்றிக்கொண்டது. அடியில் வீக்கம் எலுமிச்சையளவு ஆகியிருந்தது.

அப்போது ரத்தத்தை உறையவைக்கும் மருந்தோடு சிரிஞ்சு வந்தது. "அண்ணே, கொஞ்சம் இறங்குங்க. நான் வீக்கத்துக்குள்ளதான் போகணும். தவறித் தமனிக்குள்ள போனா காலே போயிடும்."

மூட்டை முனகிக்கொண்டே இறங்கியது. ஸ்கேன் வழிகாட்ட, சிரிஞ்சு சில சொட்டு விட்டது. துடிப்பு அடங்கியது.

"ஒருவழியா நாம ரெண்டு பேருமா நிறுத்திட்டோம், இல்ல?" என்றது மூட்டை.

கட்டில் கிறீச்சிட்டுச் சிரித்தது. மூட்டைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, விடு. காலையிலிருந்து நான் பார்த்த ஒரே வைத்தியம் இறங்கினதுதான்."