முதலாளியின் மூக்கு

வாசனைத் திரவியக் கம்பெனி முதலாளி மூக்கைச் சுளித்தால் சரக்கு குப்பைக்குத்தான். பெண்களுக்கென்று தான் உருவாக்கிய மரவாசனை சென்ட்டோடு அவர் முன்னால் நின்றாள் மச்சினி. சென்ட் தடவிய இரண்டு காகிதத் துண்டுகளை நீட்டினாள்.

முதலாவதை முகர்ந்தார்.

"ஐயே, தச்சுப் பட்டறை! எந்தப் பொம்பளை இதைப் பூசுவா?"

இரண்டாவதை முகர்ந்து கண்மூடிச் சொக்கினார்.

"ஆகா, என்ன நளினம்! பொம்பளைன்னா இப்படி மணக்கணும்."

"மாமா, அது நம்ம 'ஆண்மகன்' சென்ட். காலையிலகூட அடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

முதலாளி அவசரமாகத் தன் காலரை முகர்ந்தார்.

"அப்போ... அந்தத் தச்சுப் பட்டறை?"

"ஒரு மாசமா அக்கா பூசிக்கிறா. இப்பல்லாம் நீங்க ஆபீஸ்ல தங்காம சீக்கிரமே வீட்டுக்கு ஓடி வர்றீங்களாமே!"

முதலாளி முதல் துண்டை எடுத்து மறுபடி முகர்ந்தார்.

"சரி, கடைகளுக்கு அனுப்பு. ஆனா உங்க அக்காவுக்கு மட்டும் தீர்ந்துபோகாமப் பாத்துக்கோ."