கடலில்லாத ஊரின் முதல் அலை

கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு முழு ராத்திரி ரயில் தூரம். வெளியூர் ஜனங்களை வரவழைக்க மெழுகுச் சிலைக்கூடம், கண்ணாடிப் பாலம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, செயற்கைக் கடற்கரை கட்டலாமே என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டவள் மாநகராட்சி இன்ஜினியர். இன்று மூன்றாவது சோதனை. முதல் இரண்டிலும் அலை வராமல் மானம் போயிருக்கிறது. பம்ப் அறை வாசலில் நின்று தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், குடிக்க மட்டும் மறந்துபோகிறாள். சாயங்கால வெயிலில் லாரி லாரியாகக் கொட்டிய மணல் மஞ்சளாக மின்னுகிறது. நன்றாகத் தெரியட்டும் என்று மேயரம்மாவுக்கும் கவுன்சிலர்களுக்கும் தண்ணீரின் விளிம்பிலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள். அலை கரையேறும் என்பது போட்டவர்களுக்கும் தெரியவில்லை, உட்கார்ந்தவர்களுக்கும் தெரியவில்லை.

"அண்ணே, இந்தத் தடவையாவது வந்துடுமா?"

"வரும்மா. நீ கொஞ்சம் சும்மா இரு," என்றபடி பம்ப் ஆபரேட்டர் சுவிட்சைப் போடுகிறார்.

தரைக்கடியில் ஏதோ உறுமுகிறது. தண்ணீர் மெல்ல முதுகைத் தூக்குகிறது. அப்போதுதான் அந்த நாற்காலிகள் அவள் கண்ணில் படுகின்றன. கத்த வாயெடுப்பதற்குள் அலை வந்து விழுந்துவிடுகிறது. நுரை வடிகிறது. முழங்கால்வரை நனைந்த கவுன்சிலர்கள், தங்கள் செருப்புகள் மிதந்து போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் கண்ணும் மேயரம்மா மேல். அவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, இரண்டடி முன்னால் போட்டு உட்காருகிறார்.

"இன்னொன்னு விடச் சொல்லுங்க."

காலையிலிருந்து கையில் இருக்கும் பாட்டிலை இன்ஜினியர் ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கிறாள்.